கற்பிக்கும் கணினியில் தொடங்கியவர்

சென்ற பருவத்தில் ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவர்களை ஆய்வகத்தில் கணினிகளின் முன் உட்கார வைத்து வினாடிவினா நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் வரிசையில் இருந்த மாணவன் பக்கத்துக் கணினியின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டான். "அங்க என்ன பார்வை? உன் திரையைப் பாரு" என்று அதட்டினேன். அவன் எழுந்து நின்று, "பதில் கேக்கல சார். கேள்வி புரியல. அதைத்தான் கேட்டேன்" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. தேர்வு என்றால் பேசக்கூடாது என்பது நமக்குப் பழகிய விதி. ஆனால் அன்று நடந்தது தேர்வு அல்ல, பயிற்சி. முப்பது பிள்ளைகளை முப்பது திரைகளுக்கு முன் தனித்தனியாக உட்கார வைத்துவிட்டு, அருகில் இருக்கும் தோழனிடம் பேசாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கணினி வழிக் கற்றலின் பழைய கதைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தத் தேடலில் கிடைத்தவர் ரே ஓஸி.

பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பில் கேட்ஸ் வகித்த தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர் பொறுப்பை 2006இல் அவரிடமிருந்து ஏற்றுக்கொண்டவர் இவர். இவருடைய பணிவாழ்வு தொடங்கியது வணிக நிறுவனத்தில் அல்ல. மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உருவாக்கப்பட்ட ஒரு கணினியில்.

அந்தக் கணினியின் பெயர் பிளேட்டோ. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் டொனால்ட் பிட்சர் என்ற பொறியாளர் இதைத் தொடங்கினார். முதலில் ஒரே ஒரு மாணவர்தான் அதில் உட்கார முடியும். 1972இல் வந்த நான்காம் வடிவத்துக்குள் அது வெகுதூரம் வளர்ந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய கணினி. அதிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உள்ள முனையங்களுக்கு இணைப்பு. பிளாஸ்மா திரையை பிட்சரும் அவருடைய சகாக்களும் 1964இல் இதற்காகவே கண்டுபிடித்தார்கள். எழுத்தும் படமும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். திரையை விரலால் தொட்டும் பதில் சொல்லலாம். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் செய்வதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் செய்தார்கள் என்று நினைக்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது.

கணித ஆசிரியர்களுக்காக அதில் இருந்த ஒரு பாடத்தைச் சொல்லியாக வேண்டும். ஷாரன் டக்டேல் என்பவர் பின்னங்களுக்காக உருவாக்கிய விளையாட்டு அது. திரையில் ஓர் எண்கோடு நிற்கும். அதில் ஆங்காங்கே பலூன்கள் கட்டப்பட்டிருக்கும். கோட்டில் இரண்டு மூன்று எண்கள் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். பலூன் இருக்கும் இடத்தை மதிப்பிட்டு மாணவர் ஒரு பின்னத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். உடனே ஓர் அம்பு பறந்துவந்து அந்த எண் இருக்கும் இடத்தில் தைக்கும். சரியாக இருந்தால் பலூன் வெடிக்கும். தவறாக இருந்தால் 'தவறு' என்று கணினி சொல்லாது. அம்பு எங்கே தைத்ததோ அங்கேயே நிற்கும். மூன்றில் இரண்டு என்பது பலூனுக்குக் கீழே போய்விட்டது, அப்படியானால் அதைவிடப் பெரிய பின்னம் எது என்று குழந்தையே யோசிக்க வேண்டும். பெருக்கல் குறியை மட்டும் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவும் இன்றைய பல செயலிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது முன்னேற்றம் என்ற ஐயம் எனக்கு வருகிறது.

பிளேட்டோவைப் புகழ்ந்துகொண்டே போவதும் சரியல்ல. சமுதாயக் கல்லூரிகளில் அதைப் பயன்படுத்தியபோது நடத்தப்பட்ட மதிப்பீட்டில், மாணவர்களும் ஆசிரியர்களும் அதை விரும்பியது தெரிந்தது. ஆனால் அடைவுத் திறனில் தெளிவான, சீரான உயர்வு தெரியவில்லை. செலவும் பள்ளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. பாடம் நடத்தும் இயந்திரமாக அது உலகை வெல்லவில்லை.

அது வென்றது வேறோர் இடத்தில், யாரும் திட்டமிடாமல்.

இவ்வளவு பெரிய அமைப்பில் பிழைகள் வரத்தானே செய்யும்? பிழை கண்டவர்கள் எழுதிவைக்க ஒரு பொதுக் கோப்பு இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம்; அதனால் பிறர் எழுதியதை யார் வேண்டுமானாலும் அழிக்கவும் முடிந்தது. இதைச் சரிசெய்யும் வேலை 1973இல் டேவிட் வூலி என்ற பதினேழு வயது மாணவரிடம் கொடுக்கப்பட்டது. அவர் எழுதிய நிரலில் ஒவ்வொரு குறிப்புக்கும் எழுதியவர் அடையாளமும் தேதியும் தாமாகவே பதிவாகும். எழுதியதை அடுத்தவர் அழிக்க முடியாது. குறிப்புக்குக் கீழே மற்றவர்கள் மறுமொழி எழுதலாம். அதற்கு 'நோட்ஸ்' என்று பெயர். பிழை சொல்ல வந்தவர்கள் மெல்ல மெல்லப் பாடத்தைப் பற்றியும் புத்தகத்தைப் பற்றியும் ஊர்க்கதைகளையும் அதில் எழுதத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஒரே நேரத்தில் பலர் தட்டச்சு செய்து உரையாடும் வசதியும் வந்தது. பாடம் படிக்க வந்த இடத்தில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த நாட்களில்தான் ஓஸி அங்கே மாணவர். 1955இல் சிகாகோவில் பிறந்தவர். படித்துக்கொண்டே பிளேட்டோ ஆய்வகத்தில் நிரலாளராக வேலை பார்த்தார். பின்னாளில் தன் நேர்காணல்களில் அவர் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. வேறோர் இடத்தில் இருந்த ஒருவரோடு முனையத்தின் வழியாகவே சேர்ந்து வேலை செய்தார். நேரில் பார்த்ததில்லை. அந்த நண்பர் மிகுந்த அறிவாளி, நல்ல நகைச்சுவை உடையவர். ஒரே குறை, தட்டச்சு மிகவும் மெதுவாக வரும். ஓர் எழுத்து, சற்று இடைவெளி, இன்னோர் எழுத்து. நாட்கள் கழித்து அந்த நண்பரின் வீட்டுக்குப் போனபோதுதான் ஓஸிக்கு உண்மை தெரிந்தது. அவருக்குக் கைகால்கள் செயல்படாது. வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு ஒவ்வொரு விசையாக அழுத்தித்தான் அத்தனை நாளும் பேசியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மாற்றுத்திறனுடைய பிள்ளைகள் இருக்கும் வகுப்புகளை நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேரில் முதலில் பார்த்திருந்தால் ஓஸியும் அந்த மனிதரின் உடலைத்தான் முதலில் பார்த்திருப்பார். திரை அதை மறைத்தது. மனத்தை மட்டும் காட்டியது. இந்த அனுபவம் தன்னை ஆழமாகப் பாதித்ததாக ஓஸி சொல்லியிருக்கிறார். தொலைவில் இருக்கும் மனிதர்கள் சேர்ந்து வேலை செய்ய ஒரு கருவி வேண்டும் என்ற ஒரே எண்ணத்தை அடுத்த நாற்பது ஆண்டுகள் அவர் நிறுவனம் நிறுவனமாகச் சுமந்து சென்றார்.

1979இல் பட்டம் பெற்றதும் டேட்டா ஜெனரல் நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்து, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாளான விசிகால்க்கை உருவாக்கிய சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ் நிறுவனம். அவருக்கு ஓர் ஏக்கம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் பழகிய அந்த 'நோட்ஸ்' வெளியுலகில் எங்கும் இல்லை. மேசைக்கு மேசை வந்துகொண்டிருந்த தனிநபர் கணினிகள் பெயருக்கேற்பத் தனித்தனியாகவே கிடந்தன. இதற்கொரு மென்பொருள் செய்கிறேன் என்று முதலீடு தேடினார்; கிடைக்கவில்லை. லோட்டஸ் நிறுவனத்தின் மிட்ச் கேப்பர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் என் நிறுவனத்துக்கு 'சிம்பொனி' என்ற மென்பொருளைச் செய்து கொடு. பிறகு உன் எண்ணத்துக்குப் பணம் தருகிறேன்.

சிம்பொனி 1984இல் வெளிவந்தது. கேப்பரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதே ஆண்டின் இறுதியில் ஓஸி ஐரிஸ் அசோசியேட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். உடன் சேர்ந்த டிம் ஹால்வர்சனும் லென் கவெலும் யார் என்று பார்த்தால், இல்லினாய் பிளேட்டோ ஆய்வகத்தின் பழைய தோழர்கள்! சில நண்பர்கள், ஐந்தாண்டு உழைப்பு. 1989இல் 'லோட்டஸ் நோட்ஸ்' விற்பனைக்கு வந்தது.

அந்த மென்பொருளின் உயிர்நாடியைச் சற்று விளக்குகிறேன். அன்று இணையம் அலுவலகங்களுக்கு வரவில்லை. ஓர் அலுவலகத்துக்கு இரண்டு ஊர்களில் கிளைகள் இருந்தால், எப்போதாவது தொலைபேசி வழியாகக் கணினிகளை இணைக்கலாம், அவ்வளவுதான். ஒரே பதிவேட்டை இரு ஊர்களிலும் எப்படி வைத்திருப்பது? நம் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஒரு பதிவேட்டின் இரு பிரதிகள் இரண்டு ஆசிரியர்களிடம் இருக்கின்றன. பகலெல்லாம் இருவரும் தங்கள் பிரதியில் எழுதுகிறார்கள். மாலையில் சந்தித்து, உன்னிடம் உள்ளதில் என்னிடம் இல்லாதது எது, என்னிடம் உள்ளதில் உன்னிடம் இல்லாதது எது என்று ஒப்பிட்டு, விட்டுப்போனதை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். இரண்டும் மீண்டும் ஒன்றாகிவிடும். ஒரே வரியை இருவரும் வேறுவேறாகத் திருத்தியிருந்தால்? அப்போது இரண்டையும் வைத்துக்கொண்டு, இங்கே முரண்பாடு இருக்கிறது என்று குறித்துவிட வேண்டும். மனிதர் பார்த்து முடிவு செய்வார். நோட்ஸ் செய்தது இதைத்தான். இன்று நம் கைப்பேசியில் இணைப்பு இல்லாதபோது வருகையைப் பதிந்து, இணைப்பு வந்ததும் அது தானாக மேலேறும்போது வேலை செய்வதும் இதே வகை எண்ணம்தான். அடுத்தவர் படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டும் பொதுத்திறவி மறையாக்க முறையையும் வணிக மென்பொருளில் பரவலாகக் கொண்டுவந்த முன்னோடி நோட்ஸ்தான்.

விற்பனைக்கு வரும் முன்பே பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம் 10,000 பிரதிகளுக்கு விலை பேசிவிட்டது. உலகெங்கும் கிளைகள் வைத்திருந்த அந்த நிறுவனத்துக்கு, ஓர் ஊரின் ஊழியருக்குத் தெரிந்தது இன்னோர் ஊரின் ஊழியருக்கும் தெரிய வேண்டியிருந்தது. 1994இல் ஐரிஸை லோட்டஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே லோட்டஸை ஐபிஎம் 350 கோடி டாலருக்கு வாங்கியது. ஐபிஎம் அவ்வளவு விலை கொடுத்ததற்கு முக்கியக் காரணம் நோட்ஸ். பிழை சொல்ல ஒரு மாணவர் எழுதிய நிரலின் வாரிசுக்கு இந்த விலை.

ஓஸி அத்தோடு ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம். 1997இல் வெளியேறி குரூவ் நெட்வொர்க்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார். நடுவில் ஒரு பெரிய கணினி இல்லாமலேயே, ஒருவர் கணினியும் மற்றவர் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் மென்பொருள் அது. நோட்ஸ் போல அது ஓடவில்லை. ஆனாலும் 2005இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. ஓஸியும் தலைமைத் தொழில்நுட்ப அலுவலர்களுள் ஒருவராக உள்ளே வந்தார். அந்நிறுவனத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது குரூவ் அல்ல, ஓஸிதான் என்று அன்றே பலர் சொன்னார்கள்.

வந்த ஆறேழு மாதங்களில், 2005 அக்டோபர் 28 அன்று, நிறுவனத்தின் மேல்மட்டத்தினருக்கு அவர் ஒரு நீண்ட உள்சுற்றறிக்கை அனுப்பினார். நமக்கும் சுற்றறிக்கைகள் வருகின்றன. அவை பெரும்பாலும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். இது எங்கே பின்தங்கிவிட்டோம் என்று சொன்னது. மென்பொருளைக் குறுந்தகட்டில் போட்டுப் பெட்டியில் விற்கும் காலம் மாறுகிறது. இணையத்தின் வழியே சேவையாக வழங்கப்படும், விளம்பர வருவாயால் நடக்கும், வாங்கியதும் வம்பில்லாமல் வேலை செய்யும் மென்பொருளை மக்கள் எதிர்பார்க்கிறார்கள். இவற்றில் சிலவற்றை நாம் முன்பே உணர்ந்திருந்தோம். பயன்படுத்தி முந்திச் சென்றவர்கள் மற்றவர்கள். சாரம் இதுதான். விண்டோஸ், ஆஃபீஸ் இரண்டும் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் புதிதாக வந்த ஒருவர் இதை எழுத வேண்டியிருந்தது. பணிமூப்பு உள்ள ஊழியர்கள் நிறைந்த ஓர் இடத்தில் நேற்று வந்தவர் பேசினால் என்ன நடக்கும் என்பது ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

2006 ஜூனில் பில் கேட்ஸ் அன்றாடப் பொறுப்புகளிலிருந்து விலகப்போவதாக அறிவித்து, தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர் பதவியை ஓஸியிடம் ஒப்படைத்தார். அந்தப் பதவியில் ஓஸி செய்த பெரிய காரியம் மேகக் கணிமை. 'ரெட் டாக்' என்ற மறைபெயரில் ஒரு தனிக் குழு அமைந்தது. விண்டோஸ் என்டியை வடிவமைத்த மூத்த பொறியாளர் டேவ் கட்லரும், அமிதாப் ஸ்ரீவாஸ்தவாவும் அதில் முதன்மையானவர்கள். 2008 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த மாநாட்டில் ஓஸி 'விண்டோஸ் அஷூர்' என்று அதை அறிவித்தார்.

மேகம் என்றதும் மாணவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். நான் மின்சாரத்தைச் சொல்லி விளக்குவது வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாம். டீசல் ஊற்ற வேண்டும், பழுது பார்க்க வேண்டும், விருந்து நாளில் போதாது, மற்ற நாளில் சும்மா கிடக்கும். அல்லது மின்வாரியக் கம்பியில் இணைத்துக்கொண்டு, எரித்த அலகுக்குப் பணம் கட்டலாம். நிறுவனங்கள் தம் கட்டடத்தில் கணினிகளை அடுக்கி வைப்பது முதல் வகை. எங்கோ இருக்கும் தரவு மையத்தின் கணினிகளை வேண்டிய அளவு வாடகைக்கு எடுப்பது இரண்டாவது. பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் ஓர் இணையதளத்துக்கு ஆயிரம் மடங்கு ஆள் வந்தால், அன்றைக்கு மட்டும் கூடுதல் கணினிகளை எடுத்து, மறுநாள் விட்டுவிடலாம்.

ஓஸியின் கணிப்பில் ஒரு பிசகும் இருந்தது. முதல் அஷூர், பழைய மென்பொருள்களை அப்படியே ஏற்றி ஓட்ட இடம் தரவில்லை. மேகத்துக்கு ஏற்ப எல்லாவற்றையும் புதிதாக எழுதச் சொன்னது. பொறியியல் நோக்கில் அது சரியான வழியாக இருக்கலாம். நிறுவனங்களோ இருக்கும் மூட்டையை அப்படியே தூக்கி வைக்க இடம் கேட்டன. அந்த வசதி ஓஸி சென்றபின் 2012, 2013இல்தான் வந்தது. குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கல்வியியலில் படித்த நாமே பல நேரம் அதை மறந்துவிடுகிறோம். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2010 அக்டோபரில் அவர் விலகுவது அறிவிக்கப்பட்டது. அந்தப் பதவிக்கு வேறொருவரை நியமிக்கப்போவதில்லை என்றும் நிறுவனம் சொன்னது. முதல் சுற்றறிக்கை எழுதிச் சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, அதே அக்டோபர் 28 தேதியிட்டு, விடைபெறும் சுற்றறிக்கை ஒன்றை எழுதினார். தனிநபர் கணினியே மையமாக இல்லாத ஓர் உலகத்தைக் கற்பனை செய்து பாருங்கள் என்று, அந்தக் கணினியாலேயே வாழ்ந்த நிறுவனத்திடம் கேட்டார். அஷூர் பிரிவின் பொறுப்பு அடுத்த ஆண்டு சத்ய நாதெள்ளாவிடம் வந்தது. 2014இல் அவர் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலரானபோது, மேகக் கணிமையையே முன்னே நிறுத்தினார். இன்று மைக்ரோசாஃப்ட்டின் வருவாயில் பெரும்பங்கு தரும் தூண்களில் ஒன்று அது. நட்டவர் ஒருவர், காய் பறித்தபோது பெயர் வந்தது இன்னொருவருக்கு. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளக்கூடும்.

அதன் பிறகும் ஓஸி சும்மா இருக்கவில்லை. டாக்கோ என்ற குரல்வழிக் கூட்டுப்பணிச் செயலியைச் செய்தார். 2015இல் அதையும் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின், பொதுமக்களே கதிர்வீச்சை அளந்து வரைபடமாக்கிய சேஃப்காஸ்ட் இயக்கத்துக்கு உதவினார். இப்போது புளூஸ் என்ற நிறுவனத்தின் வழியாக, எந்தக் கருவியையும் கைப்பேசி அலைவரிசை மூலம் இணைக்கும் ஒரு சிறு மின்னணு அட்டையைச் செய்கிறார். அதன் பெயர் 'நோட்கார்டு'. நோட்ஸ் என்ற சொல்லை மனிதர் இன்னும் விடவில்லை!

லோட்டஸ் நோட்ஸ் என்ன ஆயிற்று? மின்னஞ்சலும் இணைய உலாவியும் வளர்ந்தபின் அதன் மவுசு குறைந்தது. பயன்படுத்தியவர்களில் பலர் அதன் திரையமைப்பைத் திட்டியும் தீர்த்தார்கள். 2018இல் ஐபிஎம் அதை வேறு சில மென்பொருள்களோடு சேர்த்து 180 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது, 2019இல் கைமாறியது. வாங்கிய நிறுவனம் எச்.சி.எல். அதை நிறுவிய சிவ நாடார் நம் தூத்துக்குடி மாவட்டத்தின் மூலைப்பொழியில் பிறந்தவர். இல்லினாயில் ஒரு மாணவர் எழுதிய நிரலின் வழித்தோன்றல் இன்று எச்.சி.எல். நோட்ஸ் என்ற பெயரில் வாழ்கிறது.

மேல்நிலை மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டல் வகுப்பு எடுக்கும்போது, மென்பொருள் துறை என்றதும் முதல் கேள்வி "சம்பளம் எவ்வளவு சார்?" என்றுதான் வரும். கேட்பதில் தவறில்லை, பல வீடுகளில் அந்தக் கேள்விக்குத் தேவை இருக்கிறது. இப்போது அதற்குப் பதில் சொன்ன கையோடு, வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு தட்டச்சு செய்த அந்தப் பெயர் தெரியாத மனிதரின் கதையையும் சொல்கிறேன். வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

ஆய்வகத்திலும் ஒரு சிறு மாற்றம் செய்தேன். வினாடிவினா அன்று வாசல் அருகே ஒரு நீள நோட்டு இருக்கும். கேள்வி புரியாதவர்கள் தேதியும் பெயரும் போட்டு, புரியாத இடத்தை அதில் எழுத வேண்டும். தெரிந்தவர் யாராக இருந்தாலும் கீழே பதில் எழுதலாம். பிறர் எழுதியதை அடிக்கக்கூடாது. முதல் வாரம் யாரும் எழுதவில்லை. இரண்டாம் வாரம் யாரோ ஒரு பூனைப் படம் வரைந்து வைத்திருந்தார்கள். மூன்றாம் வாரம், அன்று என்னிடம் அதட்டு வாங்கிய அதே மாணவன் எழுதியிருந்தான்: "7ஆவது கேள்வியில் 'தோராயமாக' என்றால் என்ன?" கீழே மூன்று பேர் பதில் எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று தவறு. அதையும் நாலாவதாக ஒரு பெண் வந்து திருத்தியிருந்தாள்.